அகப்பையாலும் வேண்டாம்

கட்டுகஸ்தோட்டையில் நான் வேலை பார்த்த அலங்கார மீன் கடையின் பின்சுவரில் ஓர் அறிவித்தல் அட்டை தொங்குகிறது. பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தும் அதன் ஓரங்கள் உப்பில் ஊறி அலை அலையாகிவிட்டன. அதில் உள்ளதை அப்படியே தருகிறேன்.

"மணல் மாற்றும் வீட்டாருக்கு: ஒதுக்கி வைத்த பழைய மணலைத் தொட வேண்டாம். கழுவ வேண்டாம். அகப்பையாலும் வேண்டாம்."

அடியில் 'ஆவணி' என்று மாதம் மட்டும் இருக்கிறது. முழுத் திகதி போடுவது அதை எழுதிய சிவபாதம் ஐயாவின் வழக்கம் அல்ல, என் வழக்கம். கையில் கிடைக்கும் அச்சுத் தாள் எதையும் வாசிப்பேன், சீனி சுற்றி வந்த பத்திரிகைத் துண்டு உட்பட. வாசித்து முடித்ததும் ஓரத்தில் அன்றைய திகதியை இடுவேன். மகளின் கல்யாணப் பதிவில் சாட்சிக் கையொப்பத்துக்கு முன்னால் திகதியைத்தான் எழுதினேன் என்று என் மனைவி இன்றைக்கும் ஆட்களிடம் சொல்கிறார். ஆகவே அட்டையில் விடுபட்டதை நான் சேர்க்கிறேன். அது எழுதப்பட்டது கண்டியின் யானை ஊர்வலமான தலதாப் பெரஹெரா முடிந்த மறு கிழமை. அதற்குக் காரணமான சம்பவம் நடந்தது பெரஹெராவுக்காகக் கண்டி வீதிகளை மூடியிருந்த கிழமையின் வெள்ளிக்கிழமை, அக்குறணையில்.

கடையை இப்போது நடத்தும் இருவரும் அந்த அட்டையைக் கழற்றப் போகிறார்கள். உப்புநீர்த் தொட்டிக்கு இன்று பலர் மணலே போடுவதில்லை; அடியில் வெறும் கண்ணாடிதான். நாங்கள் வாளி வாளியாகக் காப்பாற்றிய கிருமிகள் இன்று போத்தலில் அடைத்து வருகின்றன. கழற்றுவதற்கு முன் அட்டையைப் படம் பிடித்து எனக்கு அனுப்பி, "மோகன் அண்ணே, மொத ரெண்டு வரி வெளங்குது. மூணாவது வரி எதுக்கு?" என்று கேட்டிருந்தார்கள். கைப்பேசியில் தட்டி அனுப்பக்கூடிய பதில் இல்லை அது.

என் பயிற்சிக் காலத்தை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். ஹந்தானைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தேன். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வேலை தேடி இறங்கியவன் சிவபாதம் ஐயாவின் கடையில் போய் நின்றேன். கண்டியில் கடல் இல்லை. அப்போது கடல்நீர் நீர்கொழும்பிலிருந்து கலன்களில் ஏறி, கடுகண்ணாவை மலைப்பாதை வளைவுகளில் பாதியைச் சிந்திவிட்டு வந்து சேரும். சிந்தாத பாதியைச் சுமப்பது முதல் வேலை. பிறகு கண்ணாடி துடைக்கக் கற்றேன். மணலைத் தொட அனுமதி கிடைத்தபோது எனக்குக் கல்யாணமாகியிருந்தது.

சிவபாதம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். தேய்த்த வெள்ளை நீளக்கைச் சட்டையோடுதான் வேலைக்கு வருவார். இடது கையை மட்டும் தோள்வரை மடித்துத் தொட்டிக்குள் விடுவார். அவர் பிறவியில் வலக்கைக்காரர். ஆனால் எந்த வீட்டிலும் இடையில் தேநீர் வரும். அதை ஈரமில்லாத வலக்கையால் வாங்குவதுதான் மரியாதை. அதற்காகவே வேலை முழுவதையும் இடக்கைக்குப் பழக்கிக்கொண்டார். மீன்களை 'அவர்' என்றுதான் சொல்வார். "அவருக்கு இண்டைக்கு மனஞ்சரியில்லை" என்று அவர் சொன்னால், வீட்டுக்காரர்கள் வீட்டில் யாரைச் சொல்கிறார் என்று ஒருகணம் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவருடைய இன்னொரு பழக்கம், கேள்வி கேட்பவர் கையில் எதையாவது கொடுத்துவிடுவது. வீட்டுக்காரர் வந்து நின்று "இது ஏன், அது எதுக்கு" என்று தொடங்கினால், "இந்தக் குழாயை ஒருக்காப் பிடியுங்கோ" என்பார். குழாயைப் பிடித்தவர் அது நழுவாமல் பார்ப்பதில் மும்முரமாகிவிடுவார், கேள்வி நின்றுவிடும். வங்கி முகாமையாளர், பல் வைத்தியர், ஒரு தடவை மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த ஒருவர் எல்லாரும் அவருக்காகக் குழாய் பிடித்திருக்கிறார்கள். "வெறுங்கைதான் தம்பி கேள்வி கேக்கிறது" என்று எங்கள் வான் வண்டியில் ஏறியதும் என்னிடம் சொல்வார்.

இனி அக்குறணை.

ஜவாத் ஹாஜியாருக்கு அங்கே பெரிய ஹாட்வெயார் கடை. சீமெந்து, கம்பி, மணல் மூன்றுக்கும் அந்த வட்டாரத்தில் அவர்தான். அவர் வீட்டு முன்மண்டபத்தில் இருந்த உப்புநீர்த் தொட்டி அவருடைய வாப்பா வைத்தது. அதில் ஏஞ்சல் மீன் ஒன்று இருந்தது, பெயர் சுல்தான். வாங்கிய புதிதில் அது கருநீல உடம்பில் வெள்ளை வளையங்களோடு இருந்தது. வளர வளர வளையங்கள் மறைந்து மஞ்சளும் நீலமுமாகக் கோடுகள் வந்தன. அந்த இன மீன்கள் எல்லாமே அப்படித்தான் மாறும். ஆனால் ஜவாத்தும் தம்பி நௌபரும் அது தங்கள் வீட்டில் மட்டும் நடந்த அதிசயம் என்று நம்பி வளர்ந்தவர்கள். வாப்பா கடைசிக் காலத்தில் தொட்டிக்கு எதிரே கதிரையைப் போட்டு அந்த மீனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

வாப்பாவுக்குப் பிறகு கடை, வீடு, காணி எல்லாம் பள்ளிவாசல் பெரியவர்கள் முன்னிலையில் சத்தமில்லாமல் பிரிந்தன. தொட்டியில்தான் முறிந்தது. அதைப் பிரித்துத்தர ஐயாவை அழைத்திருந்தார்கள். நானும் போயிருந்தேன்.

"தொட்டியும் மீனும் எனக்கு. கல்லும் மண்ணும் ஒனக்கு" என்றார் மூத்தவர்.

"மீனில்லாம மண்ண வெச்சிட்டு நான் என்ன செய்ற நானா?" என்றார் தம்பி.

"ஊடு கட்டு."

மண்டபத்தில் இருந்த சிலர் சிரித்துவிட்டார்கள். நௌபர் சிரிக்கவில்லை. மீனுக்கும் மணல் வேண்டும் என்று ஐயா சொன்னதால் பாதி மணல் தொட்டியில் நின்றது. மீதிப் பாதியையும் கற்கள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நௌபர் மடவளைக்குப் போனார். அங்கே குளியலறை ஓடும் கழிப்பறைச் சாமானும் விற்கும் கடை போட்டார், தனியாகத் தொட்டியும் வைத்தார். அண்ணன் வீட்டு வாசலை அவர் அதற்குப் பிறகு மிதிக்கவில்லை. இரண்டு தொட்டிகளையும் பராமரித்தவர்கள் நாங்கள்தான். ஆனால் ஐயா ஒரு வீட்டுப் பேச்சை மற்ற வீட்டுக்குக் கொண்டு போனதே இல்லை. மடவளையில் யாராவது "அங்க எப்படி?" என்று இழுத்தால், குழாயைப் பிடிக்கச் சொல்லிவிடுவார்.

அந்த ஆவணியில் ஹாஜியாரின் மூத்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வரவிருந்தார்கள். மணலின் அடியில் கறுப்புத் திட்டுகள் படர்ந்திருந்தன. இடைக்கிடை ஒரு குமிழி எழுந்து உடைந்தால் அழுகிய முட்டை மணம் மண்டபமெங்கும் பரவும்.

"வாரவங்க எங்களத் தானே சந்தேகப்படுவாங்க" என்றார் ஹாஜியார். "கல்யாணத்துக்கு முந்தி வெள்ள மணல் போட்டுடுங்க."

முறைப்படி மணலை ஒரேயடியாக மாற்றக்கூடாது. மீன் கழிவிலிருந்து அமோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. அதைத் தின்று தீர்ப்பவை கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். அவை தண்ணீரில் மிதப்பது குறைவு. கல்லிலும் மணலிலும் வடிகட்டிப் பஞ்சிலும் ஒட்டிக்கொண்டுதான் வாழும். அக்குறணைத் தொட்டியின் கல்லெல்லாம் மடவளைக்குப் போய்விட்டதால், மிஞ்சியது மணலும் பஞ்சும்தான். பகுதி பகுதியாக, சில கிழமைகள் இடைவெளி விட்டு மாற்றுவதுதான் ஐயாவின் வழி. கல்யாண அவசரம் அதற்கு இடம் தரவில்லை. ஆகவே மாற்று வழி ஒன்றைச் சொன்னார். எல்லாவற்றையும் எடுத்துவிடுவது, ஆனால் மேற்பரப்பில் ஒரு விரல் தடிப்புக்கு உள்ள நல்ல மணலை ஒரு வாயகன்ற பிளாஸ்டிக் பேசினில் ஒதுக்கி வைத்து, புது மணலுக்கு மேல் திரும்பத் தூவுவது. அந்தப் பேசினுக்குள் இருப்பதுதான் தொட்டியின் உயிர்.

வியாழக்கிழமை புது மணலைக் கழுவி ஆயத்தமாக்கினோம். வெள்ளி காலை தொட்டியில் கை வைத்தோம். முதலில் ஹீட்டரை நிறுத்தி ஆறவிட வேண்டும். சூட்டோடு தண்ணீருக்கு வெளியே வந்தால் வெடித்துவிடும். பிறகு அடியைக் கலக்காமல் மேல் தண்ணீரை நீலப் பீப்பாய்க்கு இறக்கினோம். சுல்தானை வலையால் பிடிக்கக்கூடாது. அந்த இனத்துக்குக் கன்னத்தில் முள் உண்டு, வலையில் சிக்கும். பெரிய பிளாஸ்டிக் பெட்டியைத் தண்ணீருக்குள் சரித்து வைத்து, அவர் தானாக உள்ளே போகும்வரை ஐயா காத்திருந்தார். அவசரப்பட்ட ஹாஜியாரிடம் பெட்டியின் மூடியைப் பிடிக்கக் கொடுத்தார். சுல்தான் பீப்பாய்க்குப் போனதும் நான் மேல் மணலைப் பேசினில் அள்ளினேன். ஈரம் காயாமல் பழைய தண்ணீர் விட்டேன். வடிகட்டிப் பஞ்சையும் அதிலேயே அமிழ்த்தினேன். பிறகு கறுப்பு மணலை வாளியில் எடுத்தோம். மூக்கில் துணி கட்டியும் பலனில்லை.

பேசினை வழக்கம்போல வானில் ஏற்றப் போனேன்.

"வேண்டாம். குசினிக்குப் பின்னால, பைப்படியில வையும்" என்றார் ஐயா.

சமையலறைக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடியில் வைத்தேன். 'தொட வேண்டாம்' என்று தாளில் எழுதி பேசின் விளிம்பில் டேப் போட்டு ஒட்டினேன். மூலையில் திகதியும் போட்டேன். ஜும்ஆத் தொழுகைக்கு நேரமானதால் ஹாஜியார் தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார். ஐயாவும் நானும் சாப்பிடவும், கடையில் கரைத்து வைத்திருந்த உப்புநீரை ஏற்றிவரவும் கட்டுகஸ்தோட்டைக்குப் போனோம்.

திரும்பி வந்து பின்பக்கம் போனேன். பேசின் வைத்த இடத்திலேயே இருந்தது. உள்ளே மணல் சீனி போல வெள்ளையாக மின்னியது. வடிகட்டிப் பஞ்சு கொடியில் உடுப்புக் கிளிப் மாட்டிக் காய்ந்துகொண்டிருந்தது. நான் எழுதிய தாள் பேசின் விளிம்பில் புது டேப்பால் நேராக ஒட்டப்பட்டிருந்தது. நான் ஒட்டியது கோணலாக.

ஹாஜியாரின் மனைவி நஸீரா ராத்தா குசினி வாசலில் கை துடைத்துக்கொண்டு நின்றார்.

"ராத்தா, இந்த மணல யாரு கழுவினது?"

"நான்தான். நாத்தம் தாங்க ஏலா மோகன். ரெண்டு கேத்தல் சுடுதண்ணி ஊத்தின."

"தொட வேணாம்னு எழுதி ஒட்டியிருந்தேனே."

"தொடல்லயே. அகப்பையால தானே கிண்டின."

"அந்தப் பஞ்சு?"

"அதுக்கு சவர்க்காரம் போட்ட. அதுதான் கூட நாறின."

ஐயா வந்து பேசினைப் பார்த்தார். மடித்திருந்த இடது சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டார். வேலை முடியாத வீட்டில் அவர் கையை இறக்கி நான் பார்த்ததில்லை.

ஜும்ஆ முடிந்து ஹாஜியார் வந்ததும், ஐயா பீப்பாய்த் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்துச் சொட்டு மருந்து விட்டார். மஞ்சளாக நின்றால் நல்லது. பச்சை வந்தால் அமோனியா. மஞ்சள் மெல்ல வெளிறி, இளம் பச்சையாகத் திரும்பியது. குழாயை ஹாஜியாரின் கையில் கொடுத்தார்.

"பிடியுங்கோ. பச்சை தொடங்கீட்டுது."

"அப்ப மீனத் தொட்டியில போடுங்களே. புது மணல் ஈக்கி தானே."

"புது மணல் எண்டால், கக்கூஸ் இல்லாத வீடு ஹாஜியார். பளிங்கு மாதிரி இருக்கும். அவர் எத்தினை நாளைக்கு அடக்கிறது?"

ஹாஜியார் யோசித்தார். "மணல்தானே பிரச்சின? கடையில மாவலி மணல் ரெண்டு லோட் ஈக்கி. இப்பவே ஏத்தச் செல்ற."

"அது வீடு கட்டுற மணல். எங்களுக்கு வேண்டியது ஊத்தை மணல். உப்புத் தண்ணியில பழகின ஊத்தை."

"அது எங்க எடுக்கிற?"

"கொழும்பில எடுக்கலாம். பெரஹெராவுக்கு ரோட்டெல்லாம் பூட்டிக் கிடக்கு, போய் வர நாளையாகும். அதுவரைக்கும் இவர் தாங்கார். எங்கட கடையில உப்புத் தண்ணி மட்டும்தான், தொட்டி இல்லை. கண்டிப் பக்கம் உப்புத் தண்ணித் தொட்டி இன்னும் ரெண்டுதான். ஒண்டுக்குப் போன கிழமை மருந்து போட்டது, அந்த மணல் உதவாது." ஐயா சட்டைப் பொத்தானைச் சரி பார்த்தார். "மற்றது மடவளையில."

ஹாஜியார் சோதனைக் குழாயைப் பிடித்தபடி பீப்பாய்க்குப் பக்கத்தில் போனார். சுல்தான் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து, செவுள் படபடக்க நின்றது. அவர் விரலை நீட்டினார். வழக்கமாக விரலுக்குப் பின்னால் வரும் மீன் அசையவில்லை.

"மோகன அனுப்புவோம்" என்றார்.

"மோகனுக்கு அந்த வீட்டு மணலில என்ன உரிமை?" என்றார் ஐயா.

"கடையிலேந்து ஒரு ஆள..."

குசினியிலிருந்து குரல் வந்தது. "சொந்தத் தம்பிட ஊட்டுக்கு ஆள் அனுப்புறயா?"

"அவன் எனக்கு போன் கூட எடுக்கல்ல நஸீரா."

"நீங்க எடுத்த?"

கல்யாண அழைப்புகளை நெருங்கிய உறவுக்கு வீட்டு மூத்தவர்தான் நேரே கொண்டு போக வேண்டும். அக்குறணை முழுவதும் கொடுத்தாகிவிட்டது, மடவளைக்கு மட்டும் அவர் போகவில்லை என்பது எனக்கே தெரியும். மகள் அதற்காகத் தகப்பனோடு பேசாமல் இருந்தாள் என்பதும் தெரியும். வேலைக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்காது.

நஸீரா ராத்தா குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, துணி கட்டிய தட்டு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். வட்டிலாப்பம், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்த்து அவித்த இனிப்பு. மேலே ஓர் அழைப்பிதழ், பெயர் எழுதியபடி.

"இதென்ன?" என்றார் ஹாஜியார்.

"மண்ணு கேட்டுப் போறீங்க. வெறுங்கையா போற?"

வானில் ஏறினோம். பின்பக்கத்தில் புத்தம் புதிய வெறும் பேசின் ஒன்று இருந்தது. கடையிலிருந்து உப்புநீர் ஏற்றியபோது நான் அதை ஏற்றவில்லை. அதைப் பற்றி அப்போது யோசிக்க நேரமில்லை.

மடவளையில் நௌபரின் வீட்டு வாசலில் இறங்கியதும் ஐயா அந்தப் பேசினை ஹாஜியாரின் கையில் கொடுத்தார். "இதை ஒருக்காப் பிடியுங்கோ."

ஹாஜியார் பழக்கதோஷத்தில் வாங்கிக்கொண்டார். மணியை நான் அடித்தேன். கதவு திறந்தபோது, அக்குறணை வட்டாரத்துக்கே மணல் விற்கும் மனிதர், ஜும்ஆத் தொப்பியோடு, இரண்டு கையிலும் வெறும் பேசினை ஏந்திக்கொண்டு நின்றார். கீழே வைக்கவும் தோன்றவில்லை, பின்னால் மறைக்கவும் அது அளவில் பெரியது.

சாரம் உடுத்தபடி வந்த நௌபர் அண்ணனைப் பார்த்தார். பிறகு பேசினைப் பார்த்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார் ஹாஜியார்.

"வஅலைக்கும் ஸலாம்." "என்ன நானா, பேசினோட?"

"மண்ணு."

"என்ன?"

"மண்ணு வேணும்."

"ஒங்கட கடையில மண்ணு முடிஞ்சா?"

"அந்த மண்ணு இல்ல. இந்த மண்ணு."

நௌபர் கதவில் சாய்ந்துகொண்டார். இத்தனை காலம் அவர் வைத்திருந்த சொல் அது, அவசரமில்லாமல்தான் எடுத்தார்.

"எதுக்கு நானா? ஊடு கட்டவா?"

ஐயா ஆகாயத்தைப் பார்த்தார். நான் வட்டிலாப்பத்தைப் பார்த்தேன். ஹாஜியாரின் காது சிவந்தது. பேசினை எறிந்துவிட்டு வானில் ஏறிவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் சொன்னது இது:

"சுல்தான் பீப்பாய்க்குள்ள ஈக்கி. மூச்சு வாங்குது."

நௌபர் கதவிலிருந்து நிமிர்ந்தார். "அது இன்னம் ஈக்கா?"

"இல்லாம? வாப்பாட மீனுடா அது."

"எனக்கு யாரு செல்ற?" என்று கேட்டு அவர் ஐயாவைத் திரும்பிப் பார்த்தார். கிழமை தவறாமல் இரண்டு வீட்டுக்கும் போய்வந்த ஐயா தலையை மட்டும் ஆட்டினார்.

உடனே மணல் கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நௌபர் பேசினை வாங்கி வைத்துவிட்டு, "உள்ளுக்கு வாங்க. பிளேன்டி குடிக்காம மண்ணில்ல" என்றார். மீன் மூச்சு வாங்குகிறது என்று ஹாஜியார் தவித்தார். அந்த வீட்டில் அது செல்லவில்லை. பால் சேர்க்காத அந்தத் தேநீரை ஐயா வழக்கம்போல ஈரமில்லாத வலக்கையால் வாங்கிக்கொண்டார். வட்டிலாப்பத்தைத் திறந்ததும் நௌபர் ஒரு துண்டு வாயில் போட்டார். மெல்லுவதை நிறுத்தினார்.

"முந்திரி இல்ல."

"என்ன?" ஹாஜியார் எட்டிப் பார்த்தார். "எங்கட ஊட்டுல முந்திரி போடாம ஆக்குறல்லயே. நான் திங்கிறல்ல."

"எனக்குத்தான் முந்திரி ஒத்துக்கொள்றல்ல." நௌபர் இன்னொரு துண்டு எடுத்தார். "நஸீரா மச்சிக்கு இன்னம் நெனவிருக்கு."

அவருடைய தொட்டி உள்ளறையில் இருந்தது. கல்லடுக்கு, பதமான மணல், அவ்வளவு பெரிய தண்ணீரில் இரண்டே இரண்டு சின்னச் செம்மஞ்சள் மீன்கள். வேறு மீன் போடவில்லையா என்று ஹாஜியார் கேட்டார். "மனசு வரல்ல" என்றார் தம்பி. ஐயா இடது கையை மடித்தார். நௌபர் அவரை விலக்கிவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தானே அள்ளினார். கல்லிலும் மூன்றைத் தூக்கி வாளியில் வைத்தார்.

வானின் பின்னிருக்கையில் சகோதரர்கள் இருவரும் பேசினை நடுவில் ஆளுக்கொரு விளிம்பாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்தது.

"ஒன்ட பக்கம் ஒசத்திப் புடி."

"நான் நேராத்தான் புடிச்சீக்கி. நீங்க சரிக்கிற."

"சின்னத்திலேந்து நீ இப்படித்தான்."

"நீங்க சின்னத்திலேந்து எல்லாத்தயும் ஒங்கட பக்கம் சரிக்கிற ஆள்."

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட வாகனங்கள் ஊர்ந்தன. பெரஹெராவுக்குப் போகும் யானை ஒன்று லொறியில் நின்றபடி எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. சண்டை நின்றதா என்று திரும்பிப் பார்த்தேன். நின்றிருந்தது. இருவருடைய மடியும் நனைந்திருந்தது.

புது வெள்ளை மணலுக்கு மேல் மடவளை மணலைத் தூவினோம், கற்களை வைத்தோம், தண்ணீர் விட்டோம். ஐயா சொன்னார், "பிரிச்ச மணல்தான். அதே கிருமியின்ர பிள்ளையள்." சுல்தான் உள்ளே போனதும் கல்லுக்குப் பின்னால் மறைந்தது. அன்றைக்கும் அடுத்த சில நாட்களும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிச் சோதித்தோம். சோதனைக் குழாய் மெல்ல மஞ்சளுக்குத் திரும்பியது. சோதிக்கும் நேரத்துக்கெல்லாம் நௌபரும் வந்து நின்றார். குழாயை யார் பிடிப்பது என்பதில் மட்டும் கொஞ்சம் தகராறு.

கல்யாணத்தில் மணப்பெண்ணின் சாச்சா நௌபர் முன்வரிசையில் இருந்தார். நாங்களும் அழைக்கப்பட்டிருந்தோம். மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்தைக் கண்ட சுல்தான் கல்லுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவே இல்லை. மாப்பிள்ளையின் மாமா ஒருவர் தொட்டியை வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், மணல் நல்ல வெள்ள. மீன் எப்ப போடுவீங்க?" என்று கேட்டார்.

இதுவரை சொன்னது நான் கண்டதும் கேட்டதும். மிகுதி ஆராய்ச்சி.

வட்டிலாப்பம் அவித்து, ஆறி, இறுகிக் குளிர நேரம் வேண்டும். ஜும்ஆ நேரத்தில் மணலைக் கழுவிய ராத்தா, அது 'கெட்டுப்போனது' என்று தெரிந்த பிறகு வட்டிலாப்பம் செய்திருக்க முடியாது. முந்திரி போடாததும் மறதி அல்ல. தாளைக் கழற்றி, மணலைக் கழுவி, புது டேப்பால் திரும்ப ஒட்டியவருக்கு அதில் எழுதியிருந்தது தெரியும். ஆகவே அவர் தெரிந்தே செய்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கடைசித் தடவை அந்த வீட்டுக்குப் போனபோது கேட்டேன். "நாத்தம் தாங்க ஏலா தானே மோகன்" என்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் எதிர்பார்த்த பதிலும் அதுதான்.

எஞ்சுவது ஐயா. பழைய மணல் இருந்தால் போதும், மீன் பிழைக்கும் என்று ராத்தாவுக்கு யார் சொன்னது? சுடுதண்ணீரில் கழுவினால் அதிலுள்ள கிருமிகள் செத்துவிடும் என்று? எப்போதும் வானில் வைக்கும் பேசினை அன்றைக்கு மட்டும் பைப்படியில் வைக்கச் சொன்னது ஏன்? வெறும் பேசினை வானில் ஏற்றியது யார்? மடவளை மணலை நம்பலாம் என்று அறிந்த ஒரே மனிதர் அவர். ஆனால் அமோனியாவோடு விளையாடும் மனிதர் அல்ல அவர் என்பதும் எனக்குத் தெரியும். மறு கிழமை அவர் இந்த அட்டையை எழுதி, மூன்றாவது வரியைச் சிரிக்காமல் சேர்த்து, சுவரில் அடித்தார். அப்போது கேட்டேன், "ஐயா, உங்களுக்கு முந்தியே தெரியுமா?" அவர் கையிலிருந்த ஆணிப் பெட்டியை என்னிடம் நீட்டி, "இதை ஒருக்காப் பிடியும்" என்றார்.

ஐயா இப்போது கனடாவில் மகளோடு இருக்கிறார். இதை எழுதி முடிக்குமுன் சரிபார்த்துக்கொள்வது முறை என்று, போன ஞாயிற்றுக்கிழமை காலை அவரைக் கைப்பேசியில் அழைத்தேன். கண்டியில் மழையா என்று கேட்டார். சுல்தான் எப்போது போனார் என்று கேட்டார், சொன்னேன். பிறகு என் கேள்வியைத் திகதியோடு கேட்டேன்.

"தம்பி, போனை ஒருக்காப் பிடிச்சுக்கொண்டிரும்" என்றார். "வாறன்."

பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் எங்கோ ஒரு தொட்டிக்குள் காற்று மோட்டார் குமிழிவிடும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது. அவர் திரும்பி வரவில்லை.

அவருக்கு முன்கூட்டியே தெரியுமா என்பது இந்தக் கட்டுரையை எழுதி முடிக்கும்வரை உறுதிப்படவில்லை.